உலர்ந்த கண்ணுக்கு எந்த விலங்கு சாட்சி?

முயலின் கண்ணில் உலர்கண் நோயை வரவழைக்க ஆய்வகங்களில் பழகிப்போன வழி ஒன்று உண்டு. பென்சால்கோனியம் குளோரைடு என்ற வேதிப்பொருளை 0.1 சதவீதக் கரைசலாக்கி, தினமும் இரண்டு வேளை, இரண்டு வாரம் கண்ணில் விடுவார்கள். கண்ணீர்ப் படலம் நிலைகுலையும். கண்ணீரைக் கண்ணோடு ஒட்டவைக்கும் சளிப்பொருளைச் சுரக்கிற செல்கள் அழியும். கருவிழியின் மேற்பரப்பு புள்ளி புள்ளியாகப் புண்ணாகும். அதன் பிறகு சோதிக்க வேண்டிய மருந்தை ஊற்றிக் கண் தேறுகிறதா என்று பார்ப்பார்கள்.

அதே வேதிப்பொருள் நம் வீட்டு மருந்து அலமாரியிலும் இருக்கிறது. பலமுறை திறந்து மூடும் கண் சொட்டு மருந்துப் புட்டிகளில் கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் பதப்பொருள்களில் அதிகம் புழங்குவது அதுதான். புட்டியில் அதன் அளவு குறைவு; பொதுவாக 0.004 முதல் 0.02 சதவீதத்துக்குள் இருக்கும். ஆனால், முயலுக்கு இரண்டு வாரம்தான் விடுகிறார்கள். கண் அழுத்த நோய் உள்ளவர் அதை இருபது, முப்பது ஆண்டுகளுக்கு ஒருநாள்கூடத் தவறாமல் விட்டுக்கொள்கிறார்.

விலங்கு ஆய்வின் வலிமையும் வரம்பும் இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே தெரிந்துவிடுகின்றன. பதப்பொருள் கண்ணைக் கெடுக்குமா என்ற கேள்விக்கு முயல் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு பெண்ணுக்கு வருகிற கண்ணெரிச்சலுக்கோ, நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் இளைஞரின் உறுத்தலுக்கோ புதிய மருந்து பலிக்குமா என்று அதே முயலைக் கேட்டால், கிடைக்கும் பதில் நம்மைத் திசைதிருப்பிவிடும். விலங்குச் சோதனையே கூடாது என்று ஒரு தரப்பும், அது இல்லாமல் மருந்தே இல்லை என்று மறு தரப்பும் வாதாடிக்கொண்டிருக்கின்றன. இரு தரப்பும் கேட்கத் தவறும் கேள்வி, எந்த நோய்க்கு எந்த விலங்கு என்பது. உலர்கண் நோயின் ஆய்வு வரலாறு அந்தக் கேள்வியை நம் முன் வைக்கிறது.

ஒரே பெயரில் பல நோய்கள்

கண்ணின் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுக்குத்தான் இருக்கும். கண்ணில் எந்நேரமும் நிற்கும் கண்ணீர் ஏறக்குறைய 7 மைக்ரோலிட்டர். புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டு அதைப் போல ஐந்தாறு மடங்கு இருக்கும் என்பதால் பெரும்பகுதி கன்னத்தில்தான் வழிகிறது. இந்த மெல்லிய படலத்துக்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன. கண்ணீர்ச் சுரப்பி நீரைத் தருகிறது. வெண்படலத்தில் உள்ள கோப்பை வடிவச் செல்கள் சளிப்பொருளைத் தருகின்றன. இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள் எண்ணெயைத் தருகின்றன. எண்ணெய்ப் பூச்சு இல்லாவிட்டால் நீர் வேகமாக ஆவியாகிவிடும்.

இவற்றில் எது கெட்டாலும் கண் எரியும், உறுத்தும், மணல் விழுந்ததுபோல அரிக்கும். சுவீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென் 1933ஆம் ஆண்டு தன் முனைவர் பட்ட ஆய்வில் விவரித்த 19 பெண்களுக்குக் கண்ணும் வாயும் வறண்டிருந்தன. பலருக்கு மூட்டுவலியும் இருந்தது. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே சுரப்பிகளைத் தாக்கும் அந்த நோய் இன்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. ஆனால், உலர்கண் என்று மருத்துவரிடம் வருகிறவர்களில் ஷோகிரென் நோயாளிகள் சிறுபான்மையினர். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் வகைப்படுத்தப்பட்ட 159 நோயாளிகளில் 86 சதவீதத்தினருக்கு எண்ணெய்ச் சுரப்பிக் கோளாறு தனியாகவோ மற்றதோடு சேர்ந்தோ இருந்தது. நீர்ச் சுரப்புக் குறைவு மட்டுமே உள்ளவர்கள் ஏழில் ஒருவர்தான்.

2017இல் உலகெங்கும் உள்ள நிபுணர்கள் கூடி இந்த நோய்க்கு இலக்கணம் வகுத்தபோது, பல காரணங்களால் வருவது என்ற சொற்றொடரை முதலிலேயே வைத்தார்கள். கண்ணீர்ப் படலத்தின் நிலையின்மை, கண்ணீரில் உப்புச்செறிவு கூடுவது, அழற்சி, நரம்பு உணர்வில் கோளாறு என்று அந்த இலக்கணம் நீள்கிறது. டெங்குவையும் டைபாய்டையும் மலேரியாவையும் காய்ச்சல் என்ற ஒரே பெயரில் அழைத்து, அந்தக் காய்ச்சலுக்கு ஒரு மருந்தைக் கண்டுபிடியுங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? உலர்கண் மருந்து ஆய்வில் பல காலம் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

வறண்ட பெட்டிக்குள் சுண்டெலி

இன்று உலகில் அதிகம் பயன்படும் உலர்கண் விலங்கு சுண்டெலி. ஊமத்தைச் செடியில் இருக்கும் ஸ்கோபாலமின் என்ற பொருளை அதற்குக் கொடுப்பார்கள். ஊமத்தையைத் தெரியாமல் தின்றவர்களுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது நம் கிராமங்களில் தெரிந்த விஷயம். சுரப்பிகளுக்குச் செல்லும் நரம்புக் கட்டளையை அது தடுத்துவிடுகிறது. கண்ணீர் குறைந்த சுண்டெலியை வறண்ட காற்று வீசும் இடத்தில் வைத்தால், சில நாட்களிலேயே அதன் கருவிழி பாதிக்கப்படும். அமெரிக்காவின் ஸ்டீபன் ப்ளுக்ஃபெல்டர் குழுவினர் 2002இல் இந்த முறையை வெளியிட்டார்கள். மருந்தே கொடுக்காமல், ஈரப்பதத்தை 20 சதவீதத்துக்குக் கீழே இறக்கிய பெட்டிக்குள் வைத்தே நோயை வரவழைக்கும் முறைகளும் பின்னால் வந்தன.

இந்தச் சுண்டெலிகளுக்கு நாம் நன்றி சொல்லியே ஆக வேண்டும். 2006இல் வெளியான ஒரு சோதனையைப் பார்ப்போம். வறட்சிக்கு ஆளான சுண்டெலிகளிடமிருந்து டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்களை எடுத்து, தமக்கென டி செல்கள் இல்லாத வேறு சுண்டெலிகளுக்குச் செலுத்தினார்கள். இரண்டாவது கூட்டம் வறண்ட பெட்டிக்குள் ஒரு நிமிடம்கூட இருந்ததில்லை. இருந்தும் அவற்றின் கண்ணிலும் கண்ணீர்ச் சுரப்பியிலும் அழற்சி வந்தது, கண்ணீர் குறைந்தது. வெறும் வறட்சியில் தொடங்கிய ஒன்று, வெள்ளணுக்களின் நினைவில் பதிந்து, தனி நோயாகத் தொடரக்கூடும் என்று அந்தச் சோதனை காட்டியது. உலர்கண் என்றால் தண்ணீர்ப் பற்றாக்குறை, செயற்கைக் கண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது என்ற எண்ணத்தை அசைத்த சான்றுகளில் அது முக்கியமானது. இதை எந்தக் கண்ணாடிக் குடுவையிலும் கண்டுபிடித்திருக்க முடியாது. கண், நிணநீர் முடிச்சு, ரத்தம் மூன்றும் சேர்ந்த முழு உடல் ஒன்று அதற்குத் தேவைப்பட்டது.

ஆனால், சுண்டெலிக்கும் நமக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. நம்மிடம் இல்லாத ஹார்டேரியன் சுரப்பி சுண்டெலியின் கண்குழிக்குள் இருந்து எண்ணெய்ப் பொருளைச் சுரக்கிறது. ஆய்வகங்கள் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாத வயதுள்ள இளம் சுண்டெலிகளைப் பயன்படுத்துகின்றன. மனிதர்களில் இந்த நோய் வயது ஏற ஏறக் கூடுகிறது. ஷோகிரென் நோய்க்குப் பேர்போன நாட் வகைச் சுண்டெலியை எடுத்துக்கொண்டால் முரண் இன்னும் பெரிதாகிறது. மனிதர்களில் ஷோகிரென் நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். நாட் வகையிலோ கண்ணீர்ச் சுரப்பியின் அழற்சி ஆண் சுண்டெலிகளையே கடுமையாகத் தாக்குகிறது. பெண் சுண்டெலிகளில் உமிழ்நீர்ச் சுரப்பிதான் அதிகம் கெடுகிறது. பெண்களின் நோய்க்கான மருந்தை ஆண் சுண்டெலியின் கண்ணில் சோதிக்கும் நிலைமை இப்படித்தான் வருகிறது.

முயலின் கதையும் இதே மாதிரிதான். அதன் கருவிழி அளவில் மனிதக் கருவிழியை ஒத்தது. சொட்டு மருந்து கண்ணுக்குள் எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க முயல் நல்ல விலங்கு. ஆனால், மனிதர் நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை இமைக்கிறார். முயல் பல நிமிடங்களுக்கு ஒருமுறைதான் இமைக்கிறது. அதன் கண்ணீர்ப் படலம் அவ்வளவு நேரம் உடையாமல் நிற்கும். படலம் சில நொடிகளில் உடைந்துபோவதையே நோயாகக் கொண்ட மனிதருக்கு, படலம் உடையாமலே காலம் தள்ளும் விலங்கு எப்படி முழுச் சாட்சியாகும்?

மருந்தைத் தந்த நாய்

உலர்கண் நோயில் கண்ணீர்ச் சுரப்பைக் கூட்டுவதற்கென்று அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற மருந்து, ஆய்வகத்தில் நோயூட்டப்பட்ட எந்த விலங்கிடமிருந்தும் வரவில்லை. வீட்டில் வளர்ந்த, தானாகவே நோய் வந்த நாய்களிடமிருந்து அது வந்தது.

நாய்களுக்கு உலர்கண் நோய் இயல்பாகவே வரும். காக்கர் ஸ்பானியல், புல்டாக், பக், ஷிட்சு, லாசா ஆப்சோ போன்ற இனங்களில் இது அதிகம். கண்ணில் பச்சையும் மஞ்சளுமாகப் பீளை கட்டும். உரிமையாளர் கண்நோய் என்று நினைத்துப் பஞ்சால் துடைத்துவிட்டு, ஏதோ ஆன்டிபயாட்டிக் சொட்டு விடுவார். இரண்டு நாள் தெளிந்து மீண்டும் பீளை வரும். கவனிக்காமல் விட்டால் கருவிழியின் பளபளப்பு போய், பழுப்பு நிறம் ஏறி, பார்வையே மறைந்துவிடும். கண்டுபிடிக்கும் சோதனை எளிது. ஜெர்மானிய மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் 1903இல் மனிதர்களுக்காக வகுத்த அதே வடிதாள் பட்டைதான். தாளின் நுனியை மடித்துக் கீழிமைக்குள் செருகி, ஈரம் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று அளப்பார்கள். மனிதருக்கு ஐந்து நிமிடம். நாய்க்கு ஒரு நிமிடம் போதும். நலமான நாய்க்கு அந்த ஒரு நிமிடத்தில் 15 மில்லிமீட்டருக்கு மேல் ஏறும். நோய் முற்றிய நாயின் தாளில் ஈரம் ஓரிரு மில்லிமீட்டரிலேயே நின்றுவிடும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கால்நடைக் கண் மருத்துவராக இருந்த ரெனே காஸ்வான், 1980களில் இந்த நாய்களை ஆராய்ந்தார். கண்ணீர்ச் சுரப்பிக்குள் வெள்ளணுக்கள் புகுந்திருப்பதைக் கண்டு, இது தன்னெதிர்ப்பு நோய் என்று கருதினார். அந்தக் காலத்தில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சையில் புரட்சி செய்துகொண்டிருந்த மருந்து சைக்ளோஸ்போரின். நோர்வே மண்ணில் கிடைத்த பூஞ்சை ஒன்றிலிருந்து சாண்டோஸ் நிறுவனம் எடுத்த மருந்து அது. அதைக் கண் சொட்டாக்கி நாய்களுக்கு விட்டார் காஸ்வான். அழற்சி குறைந்தது, கூடவே கண்ணீரும் ஊறத் தொடங்கியது. நாய்க்குத் தானாக வரும் உலர்கண், மனித நோய்க்கு நல்ல மாதிரி என்று 1989இல் மனிதக் கண் மருத்துவர்களின் இதழிலேயே எழுதினார். 1995இல் நாய்களுக்கான களிம்பு அனுமதி பெற்றது. 2002 டிசம்பரில் மனிதர்களுக்கான 0.05 சதவீதச் சொட்டு மருந்து ரெஸ்டாசிஸ் என்ற பெயரில் வந்தது. அது ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் விற்றது.

கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மருந்து நன்றாக வேலை செய்தது. மனிதர்களில்? ரெஸ்டாசிஸ் மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பே சொல்கிறது: ஆறு மாத முடிவில் ஷிர்மர் தாளில் 10 மில்லிமீட்டர் கூடுதலாக ஈரம் ஏறியவர்கள் மருந்து பெற்றவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம், மருந்தில்லாத வெறும் எண்ணெய்க் கலவை பெற்றவர்களில் 5 சதவீதம். நாய் பொய் சொன்னது என்று இதற்குப் பொருளில்லை. நாய்களுக்கு வருவது பெரும்பாலும் ஒரே வகை நோய்: சுரப்பியை உடலே தாக்கும் நோய். மனிதர்களில் அந்த வகையினர் ஒரு பகுதியினர் மட்டுமே. நாயைப் போன்ற நோயுள்ள மனிதருக்கு நாய் தந்த மருந்து பலித்தது. மற்றவர்களையும் அதே வரிசையில் நிறுத்தியதால் சராசரி கீழே இறங்கியது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

எலி எப்படி நோவைச் சொல்லும்?

உலர்கண் நோயில் இன்னொரு புதிர் உண்டு. கருவிழியில் பாதிப்பு தெளிவாகத் தெரியும் நோயாளி, பெரிதாக ஒன்றும் இல்லை என்பார். கண்ணாடிபோலத் தெளிந்த கருவிழி உள்ளவர் எரிச்சலால் தூக்கம் கெடுகிறது என்பார். கண்டதும் சொன்னதும் ஒத்துப்போகாத இந்த நிலை மருந்துச் சோதனைகளைத் திரும்பத் திரும்பக் கவிழ்த்திருக்கிறது. 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லிஃபிடெக்ராஸ்ட் மருந்தின் முதல் பெரிய சோதனையில் கருவிழிப் புண் குறைந்தது, நோயாளிகளின் உணர்வில் எதிர்பார்த்த மாற்றம் இல்லை. இரண்டாவது சோதனையில் உணர்வு மேம்பட்டது, கருவிழியில் எதிர்பார்த்த மாற்றம் இல்லை. டைக்வாஃபோசால் என்ற மருந்து 2010இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. அமெரிக்காவிலோ சோதனைகளில் தேறாமல் நின்றுபோனது.

இதற்கு ஒரு காரணம், ஒப்பீட்டுக்காக வைக்கும் வெறும் சொட்டே கண்ணை ஈரமாக்கி ஓரளவு இதம் தந்துவிடுகிறது. அதைத் தாண்டி மருந்து தன்னை நிரூபிக்க வேண்டும். இன்னொரு காரணம், விலங்கிடமிருந்து நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கண்டது மட்டும்தான். பச்சையாக ஒளிரும் சாயத்தை விட்டுக் கருவிழிப் புள்ளிகளை எண்ணலாம். ஃபீனால் சிவப்பு தோய்ந்த மஞ்சள் நூலை இமைக்குள் வைத்து, கண்ணீர் பட்டுச் சிவந்த நீளத்தை அளக்கலாம். உறுத்துகிறதா என்று கேட்க முடியாது. முன்காலால் கண்ணைத் துடைப்பதை எண்ணுவது, முகச் சுளிப்புக்கு மதிப்பெண் போடுவது என்று முறைகள் வந்திருக்கின்றன. ஆனால், மருந்தை முன்னே தள்ளும் முடிவுகள் இன்னமும் சாயப் புள்ளிகளை வைத்தே எடுக்கப்படுகின்றன.

நம் காலத்து நோய்க்கு விலங்கு கிடைப்பது இன்னும் அரிது. 1993இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அலுவலக ஊழியர்களை அளந்தபோது, ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 22 முறை இமைத்தவர்கள், புத்தகம் படிக்கையில் 10 முறையும், கணினித் திரையைப் பார்க்கையில் 7 முறையும் இமைத்தார்கள். இந்த நிலையை விலங்கில் கொண்டுவர, எலிகளை ஊஞ்சல் போன்ற குழாயின் மேல் நிற்கவைத்து, விழுந்துவிடாமல் கவனத்தோடு சமாளிக்கும் நேரத்தில் வறண்ட காற்றை வீசிப் பார்த்திருக்கிறார்கள். அறிவார்ந்த முயற்சிதான். ஆனால், ஏ.சி. அறையில் கைபேசியைப் பார்க்கும் மனிதரை ஊஞ்சல் எலி எவ்வளவு தூரம் பிரதிநிதித்துவப்படுத்தும்?

நம் மருத்துவமனைகளுக்கு வரும் மிகக் கடுமையான உலர்கண் நோயாளிகளில் ஒரு பிரிவினர், மருந்து ஒவ்வாமையால் தோல் உரிந்து உயிர் பிழைத்தவர்கள். ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் என்று அதற்குப் பெயர். சல்ஃபா மாத்திரை, வலிப்பு மாத்திரை என்று எதிலிருந்தும் அது வரலாம். இவர்களுக்கு உதட்டின் உட்புறச் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளை எடுத்து இமைக்குள் பதிக்கும் அறுவைச் சிகிச்சை இந்தியாவில் செய்யப்படுகிறது. உமிழ்நீரைக் கண்ணீராக்கும் இந்த எண்ணம் நாய்களிலும் பழையது. மருந்துக்கு அடங்காத நாய்களுக்குக் கன்னத்து உமிழ்நீர்க் குழாயைக் கண்ணுக்குத் திருப்பிவிடுவார்கள். சோற்றுத் தட்டைக் கண்டதும் அந்த நாயின் கண்ணில் நீர் வழியும். உமிழ்நீரில் உள்ள தாதுக்கள் கருவிழியில் படிந்து தொல்லை தரும் என்பதையும் அந்த நாய்களே காட்டின.

சில்லுக் கண்ணும் சட்டமும்

விலங்கே இல்லாமல் பார்க்க முடியாதா? ஓரளவு முடியும். 2019இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டான் ஹூ குழுவினர், மனிதக் கண் செல்களை ஒரு சில்லின் மேல் வளர்த்து, ஜெலட்டினால் செய்த இமை ஒன்றை அதன் மேல் திறந்து மூடவைத்தார்கள். இமைப்பதைப் பாதியாகக் குறைத்தபோது அந்தச் செயற்கைக் கண்ணில் உலர்கண்ணின் அடையாளங்கள் தெரிந்தன. நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸ் ஆய்வகம், கண்ணீர்ச் சுரப்பிச் செல்களைக் குட்டி உறுப்பாக வளர்த்து, நரம்பு வேதிப்பொருள் பட்டதும் அவை கண்ணீர் சுரப்பதை 2021இல் காட்டியது. திரையால் வரும் உலர்வையும் பதப்பொருளின் நச்சையும் ஆராய இவை முயலைவிட நல்ல கருவிகள். வெள்ளணுக்கள் ஊர்ந்து வந்து சுரப்பியைத் தின்னும் நோயைப் பார்க்க இவை இன்னும் போதா.

சட்டமும் இந்தத் திசையில் நகர்ந்துவிட்டது. அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014இலேயே தடை செய்தது. 2022 இறுதியில் அமெரிக்கா, புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற பழைய நிபந்தனையைத் தளர்த்தியது. 2023இல் இந்தியாவும் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, சில்லு உறுப்புகள் போன்ற மாற்று வழிகளின் முடிவுகளையும் ஏற்க வழி செய்தது. நல்ல மாற்றம். ஆனால், விலங்கா, சில்லா என்ற இரண்டே பெட்டிகளில் இந்த விவாதத்தை அடைத்துவிட்டால், மூன்றாவது வழியான நோயுள்ள செல்லப்பிராணி கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, கேள்விக்கேற்ற விலங்கு. உலர்கண் ஆய்வுக்கு அரசு நிதி கேட்கும் எந்த விண்ணப்பமும், எந்த வகை உலர்கண்ணை ஆராய்கிறோம், அதற்கு ஏன் இந்த விலங்கு என்று முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். பெண்களையும் முதியவர்களையும் அதிகம் தாக்கும் நோய்க்கு இளம் ஆண் சுண்டெலியை மட்டும் பயன்படுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். இந்தியாவில் விலங்குச் சோதனைக்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிக்குழுவின் அனுமதி தேவை. வலி எவ்வளவு, எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்கும் அந்தக் குழுக்கள், இந்தச் சோதனையின் பதில் மனிதருக்குப் பொருந்துமா என்றும் கேட்கப் பழக வேண்டும். பொருந்தாத சோதனையில் செத்த விலங்கு வீணாகச் செத்தது. அதைவிடப் பெரிய கொடுமை இல்லை.

இரண்டாவது, ஏற்கெனவே கிடைத்த பதிலைச் செயல்படுத்துவது. பென்சால்கோனியம் குளோரைடு கண்ணை உலர்த்தும் என்பதை நிரூபிக்க இன்னொரு முயல் தேவையில்லை. உலர்கண் உள்ளவருக்கும், ஆயுள் முழுக்கச் சொட்டு விடுகிறவருக்கும் பதப்பொருள் இல்லாத மருந்து கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் கொள்முதல் பட்டியலில் அவற்றைச் சேர்ப்பது தொடக்கமாக இருக்கலாம். புட்டியின் மேல் பதப்பொருளின் பெயரும் அளவும் வாசிக்கக்கூடிய எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, செல்லப்பிராணிகளை நோயாளிகளாகவே நடத்தும் ஆய்வு. பக், ஷிட்சு நாய்கள் இன்று நம் நகரங்களில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு உலர்கண் வரத்தான் செய்யும். நாய்க் கண்ணுக்கு உள்ள மூன்றாவது இமையின் கண்ணீர்ச் சுரப்பி பிதுங்கிச் சிவப்பு உருண்டையாகத் தெரியும்போது அதை வெட்டியெடுத்துவிட்டால், கண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் போய்விடக்கூடும். பின்னாளில் உலர்கண் வரும். வெட்டாமல் உள்ளே தைத்து வைப்பதுதான் இன்றைய முறை. இந்த நாய்களுக்கு உரிமையாளரின் ஒப்புதலோடு புது மருந்து கொடுத்துப் பார்த்தால், நோயைச் செயற்கையாக ஊட்ட வேண்டியதில்லை, ஆய்வு முடிந்ததும் கொல்ல வேண்டியதில்லை, மருந்து பலித்தால் முதல் பயன் அந்த நாய்க்கே. ஸ்பெயினிலும் பிரேசிலிலும் கண்ணீர்ச் சுரப்பியைச் சுற்றி ஸ்டெம் செல் ஊசி போட்டுப் பார்த்தது இப்படி வந்த நாய்களில்தான். பிறகு டென்மார்க்கில் ஷோகிரென் நோயாளிகளுக்கும் அதே போன்ற ஊசி சோதிக்கப்பட்டது.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. நாய்கள் வெவ்வேறு வயதிலும் இனத்திலும் வரும். எண்ணிக்கை சேரக் காலம் பிடிக்கும். எண்ணெய்ச் சுரப்பிக் கோளாறுக்கு நாய் சரியான சாட்சி என்று சொல்லிவிட முடியாது. ஆனால், ஆய்வக விலங்கில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது: வருடக்கணக்கில் வளர்ந்த உண்மையான நோய், நம்மோடு அதே காற்றில், அதே வீட்டில்.

சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், எழும்பூரில், 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. இரண்டிலும் உலர்கண் நோயாளிகள் வருகிறார்கள். இரண்டிலும் அதே வடிதாள் பட்டையால் அளக்க முடியும். இரு இடங்களிலும் ஒரே படிவத்தில் பதிவு, ஒரே முறையில் கருவிழிப் படம், ஒரே இடத்தில் அழற்சிச் சோதனை என்று ஒரு கூட்டுப் பதிவேடு தொடங்கினால், எந்த வகை மனித நோய் எந்த வகை நாய் நோயோடு ஒத்துப்போகிறது என்பதற்கு நம் மண்ணிலிருந்தே பதில் கிடைக்கும். புதுக் கட்டடமோ பெரும் இயந்திரமோ இதற்குத் தேவையில்லை. மருத்துவக் கல்வித் துறையும் கால்நடைத் துறையும் சேர்ந்து எழுதும் ஓர் ஆணையும், பதிவு செய்ய இரண்டு பணியாளர்களும், ஐந்தாண்டுக்கான சிறு நிதியும் போதும். முயல்களையும் சுண்டெலிகளையும் வாங்கி நோயூட்டச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இதற்குத் திருப்பலாம். உலர்கண் என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கும் நோய்களைப் பிரித்துக் காட்டும் வேலையை முதலில் முடித்துவிட்டால், அடுத்த மருந்தை யாருக்குக் கொடுப்பது என்பது சராசரிக் கணக்கில் தொலைந்துபோகாது.